எங்கள் கூட்டத்துப் பெரிய மனிதர்கள்

காலை பத்தே முக்காலுக்கு என் கையைப் பிடித்திருந்த மகளைக் காணவில்லை. ஏழு வயது. கணியூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகம். கொங்கு நாட்டில் எங்கெங்கோ இருக்கும் எங்கள் கூட்டத்தார், ஒரே குலத்துக்காரர்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். ஒரே கூட்டப் பெயர் என்றால் பங்காளி. முன்பின் பார்க்காதவரும் அண்ணன் தம்பிதான்.

அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கள் கூட்டத்து டாக்டர், நீதிபதி, பனியன் ஏற்றுமதி முதலாளி என்று இரவுச் சோற்றோடு மகளுக்கு ஊட்டியிருந்தேன். நல்லூரில் நாலு தையல் மெஷின் வைத்திருப்பவனுக்கு வேறென்ன பெருமை?

மைக்கில் அவள் பெயரைச் சொல்லி, மஞ்சள் பட்டுப்பாவாடை என்றார்கள். அதே பெயரில், அதே மஞ்சளில் மூன்று சிறுமிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருத்தியும் என் மகள் இல்லை. கோயிலுக்குப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஓடினேன். கரையில் கை கழுவிக்கொண்டிருந்தவர், "எங்கீங்க போயிரும், எல்லாம் நம்ம பங்காளிதானுங்க" என்றார்.

பந்தலுக்குத் திரும்பியபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள். அவள் பிறந்தது வேறு கூட்டம். "உங்க கூட்டத்துல இத்தன பெரிய மனுசங்க இருக்கறாங்க, ஒருத்தருக்கும் ஒரு புள்ளையப் பாத்துக்கத் தெரியலீங்களா?" என்றாள்.

அப்போது ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். நான் நேரில் பார்த்தே இராத அந்த ஏற்றுமதி முதலாளி, தோளில் பொன்னாடையோடு வந்தார். அவர் விரலைப் பிடித்தபடி என் மகள். அவள் மேலும் ஒரு பொன்னாடை, தரையில் இழுபட்டது. நம் கூட்டத்தில் பரிசு வாங்கிப் பெருமை சேர்த்தவர்கள் மேடைக்குப் பின்னால் வரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். பள்ளியில் எலுமிச்சம்பழ ஓட்டத்தில் முதல் பரிசு வாங்கியவள், போய் நீதிபதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாளாம். வாய்விட்டுச் சிரித்தபடிதான் போர்த்தினார்களாம்.

மனைவி அவளை வாரி எடுத்தாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகள் என் முகத்தைப் பார்த்துக் கவலையோடு கேட்டாள்:

"எம் பேர்லயே ஒரு புள்ளையக் காணமுன்னு மைக்குல சொன்னாங்கப்பா. கெடச்சிருச்சுங்களா?"