குரல் நின்ற பிறகும்

எனக்குப் பார்வை இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே குரலில் வாசித்துவிடும். அதில் டாஸ் என்ற பழைய மென்பொருள் இருந்தவரை, வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸுக்கு ஓடுவேன்.

பிறகு விண்டோஸ் வந்தது. அதை அப்படி அணைக்கக் கூடாது, முதலில் மூடச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். குரல் சட்டென்று நின்றது. சரி, தூங்கிவிட்டது என்று சுவிட்சை அணைத்தேன். தினமும் இப்படித்தான்.

ஒரு நாள் காலை, அன்றே கோர்ட்டில் கொடுக்க வேண்டிய மனு திறக்கவே இல்லை. வக்கீல் பேசிப் பதிந்த டேப்பை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். மூச்சு விடாமல் மறுபடியும் அடித்துக் கொடுத்தேன்.

அன்று மாலை சுவிட்சில் கை வைத்ததும் குமாஸ்தா அண்ணாச்சி கத்தினார். "எம்மா, பொறு! கொஞ்சம் காத்திருங்கன்னு திரையில எழுதிருக்குல்லா? அதுக்குள்ள ஏன் அமத்துத?"

"எங்கிட்ட அது சொல்லலியே, அண்ணாச்சி."

சொல்கிற குரலே முதலில் போய்விட்டால் மிச்சத்தை யார் சொல்வது? ஆர்வம் தாங்காமல் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். உள்ளே ஏதோ கறுக் கறுக்கென்று கொறித்துக்கொண்டிருந்தது. தினமும் இந்த வேலை முடியும் முன்பே அணைத்துத்தான் மனுவைக் கெடுத்திருக்கிறேன். பிறகு அடங்கியது.

"இப்பம் அணைக்கலாம்னு வந்துட்டு" என்றார் அண்ணாச்சி.

இப்போதெல்லாம் பஸ் போனாலும் பரவாயில்லை என்று காத்திருக்கிறேன். புதிதாக எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும், பேச்சை நிறுத்திய பிறகு அது என்ன செய்கிறது என்றுதான் முதலில் தொட்டுப் பார்க்கிறேன்.