லிஃப்டுக்குப் பூசை

ஜலஜாட்சியின் அறை பல்கலைக்கழக மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அறையைவிடப் பெயர்ப்பலகை பெரிது. மாற்றுத்திறனாளிகள் உதவி மையம் என்று கன்னடத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். யாராவது தடதடவென்று படியிறங்கினால் அவளுடைய காப்பியில் சுண்ணாம்பு உதிரும். மையத்தின் தலைமை, குமாஸ்தா, பியூன் எல்லாம் அவளே. சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனதால் கைத்தடியோடுதான் நடை. காலுக்கும் சேர்த்து வாய் ஓடும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் மேல்மாடியைப் பார்த்ததில்லை.

பக்கத்திலேயே லிஃப்டு இருந்தது, அவள் சேருவதற்கு முன்பிருந்தே செத்துப்போய். கேட்டால் மின் பிரிவு ஹொன்னப்பா சொல்வார்: "மோட்டார் எங்களதுதான் மேடம், இல்லேங்கல. ஆனா சிக்கறது கதவுதானே? கதவு கட்டடப் பிரிவு."

கட்டடப் பிரிவு சிவசங்கரப்பா அதற்கும் மேலே. "சுவத்துல பதிஞ்சிருந்தா எங்களது. இது தொங்குது. தொங்கறதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல."

மேல்மாடியில் இருந்த கன்னடத் துறைத்தலைவி அன்னபூர்ணா போனில் முழங்குவார்: "நாங்க பாடம் நடத்தறவங்க. லிஃப்டு நடத்தறவங்க இல்ல!" ஜலஜாட்சி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்வாள்.

கதக் பக்கத்துக் கிராமத்திலிருந்து எம்.ஏ. படிக்க வந்த கௌரவ்வாவைச் சக்கர நாற்காலியோடு நாலு பேர் தினமும் மாடிக்குத் தூக்கிப்போனார்கள். ஒருநாள் படியில் கை நழுவி நாற்காலி சாய்ந்துவிட்டது. அன்றைக்கு அவள் நேரே ஜலஜாட்சியிடம் வந்தாள்.

"அக்கா, தசரா லீவுக்கு ஊருக்குப் போனா திரும்பி வரமாட்டேன்."

"ரொம்ப அடிபட்டுருச்சா?"

"விழுந்தது வலிக்கலக்கா. தெனமும் 'கொஞ்சம் தூக்குங்க'ன்னு பல்லைக் காட்டறதுதான் வலிக்குது."

ஜலஜாட்சிக்கு அது தெரியாத வலியா?

ஆயுத பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. மின் பிரிவு ஜெனரேட்டருக்குப் பூப்போடும், கட்டடப் பிரிவு கலவை யந்திரத்துக்கு. கேன்டீன்காரர் கிரைண்டருக்கே மாலை போடுவார். பூசை போட்டவனுக்குத்தான் பொருள் சொந்தம் என்பது அங்கே எழுதாத சட்டம். ஜலஜாட்சி கைத்தடியை எடுத்துக்கொண்டு நாரதர் வேலைக்குக் கிளம்பினாள்.

"கட்டடப் பிரிவு இந்த வருஷம் லிஃப்டுக்குப் பூசை போடுதாமே சார்?"

"அவங்களா? என் மோட்டாருக்கா?" என்று ஹொன்னப்பா எழுந்தே விட்டார்.

அடுத்த வாசலில்: "ஹொன்னப்பா சார் லிஃப்டு முன்னாடி பூசணிக்காய் உடைக்கப் போறாராம்."

"என் தரையிலயா? குங்குமக் கறைய யார் தேய்ப்பா, அவன் தாத்தாவா?" என்றார் சிவசங்கரப்பா.

போனில்: "மேடம், உங்க மாடியில வாழைக்கன்று கட்டறதுக்குப் போட்டியா இருக்கு."

"எங்க மாடியில எவன் கட்டறது? நாங்க கட்டறோம்!"

எல்லாரிடமும் கடைசியாக ஒன்றைச் சொருகி வைத்தாள்: "ஓடாத யந்திரத்துக்குப் பூசை போட்டா வருஷம் முழுக்க ஓடாதுன்னு எங்கம்மா சொல்வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அந்த வாரம் இரண்டு பிரிவும் லிஃப்டுக்குள்ளேயே குடியிருந்தன. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஸ்பேனரைக் கைமாற்றினார்கள். சிமெண்டு மூட்டைகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்கள். மேல் கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

பூசையன்று சாமந்தி மணந்தது. பூசணிக்காயை யார் உடைப்பது என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இவங்க சண்டை தீபாவளி வரைக்கும் ஓடும். நீ போடி" என்று ஜலஜாட்சி கௌரவ்வாவை லிஃப்டுக்குள் தள்ளினாள்.

கதவு மூடியது. லிஃப்டு உறுமிக்கொண்டு ஏறியது. கைதட்டல் அடங்குமுன் மேலேயிருந்து குரல் வந்தது.

"அக்கா! கதவு திறந்துருச்சு. முன்னாடி ஒரு பீரோ நிக்குது!"

செத்த லிஃப்டுதானே என்று கன்னடத் துறை பீரோவைக் கொண்டுபோய் அங்கே சார்த்தியிருந்தது. வாழைக்கன்றுகளையும் அந்தப் பீரோவின் இருபுறமும் அழகாகக் கட்டியிருந்தது.

"நெஜமாவே வரும்னு யார் கண்டா?" என்று அன்னபூர்ணாவின் குரல் கீழ்வரை கேட்டது.

ஹொன்னப்பாவும் சிவசங்கரப்பாவும் பூசணிக்காயை ஜலஜாட்சியின் கையில் திணித்துவிட்டுப் படியில் ஓடினார்கள்.

"மெதுவா வாங்க சார், மூச்சு வாங்குதா? நான் காத்திருக்கேன்!" கௌரவ்வா சிரித்த சிரிப்பு கட்டடம் முழுக்கக் கேட்டது. மூன்று துறையும் சேர்ந்து தள்ளப் பீரோ நகரும் சத்தமும் கேட்டது.

கூட்டம் மொத்தமும் மேலே போயிருந்தது. கீழே ஜலஜாட்சியும் பூசணிக்காயும்தான். அப்போது லிஃப்டு தானாக இறங்கி வந்து, அவள் முன்னால் காலியாகத் திறந்தது.

"அனுப்பிருக்கேன், ஏறுங்கக்கா!"

"எனக்கெதுக்குடி, நான் கீழயே..." கண் நிறைந்துவிட்டது. வலது காலை முன்னால் வைத்து ஏறினாள்.

மேலே கதவு திறந்ததும் புடவையில் தூசு தட்டிக்கொண்டு, அவள் தோளுக்குக்கூட எட்டாத ஒரு அம்மாள் நின்றிருந்தார்.

"ஜலஜாட்சியா? வாங்க வாங்க!" என்று முழங்கினார்.

"மேடம், நீங்களா! இத்தனை வருஷம் உங்களுக்கா பயந்தேன்?"

கௌரவ்வா ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பி அவளுக்கு இடம் விட்டாள். ஜன்னலுக்கு வெளியே மரங்களின் உச்சி தெரிந்தது. ஜலஜாட்சி பூசணிக்காயை இறக்கி வைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"லீவு முடிஞ்சு வர்றேன்க்கா. காப்பி போட்டு வைங்க, சுண்ணாம்பு இல்லாம" என்றாள் கௌரவ்வா.