எஸெல் ப்ரூயிட்டின் வலது காது

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சபையின் டீக்கன் ஆர்லிஸ் போன் செய்தபோது, வெர்னெல் ஸ்டோக்ஸ் சமையலறைத் தொட்டியில் கீரையை மூன்றாம் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். கை ஈரம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"சிஸ்டர் வெர்னெல், எஸெல் போயிட்டார்" என்றார் ஆர்லிஸ்.

"எங்க போனார்? நாளைக்கு ஆராதனைக்குள்ள வந்துருவாரா மாட்டாரா, அதச் சொல்லுங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. எஸெல் ஜார்ஜியாவில் இருக்கும் தங்கையைப் பார்க்கத்தான் கிளம்பிவிட்டார், ஸ்டீல் கிட்டார் இல்லாமல் ஞாயிறு ஆராதனையை எப்படி நடத்துவது என்று அவள் மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. ஆர்லிஸ் மறுபடி சொன்னார். புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்து வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாராம். நெஞ்சு நின்றுவிட்டதாம். ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டு அவசரம் இல்லாமல் ஏற்றிக்கொண்டு போனதாம்.

வெர்னெல் போனை வைத்துவிட்டுக் கீரையைப் பிழிந்து பானையில் போட்டாள். புகையூட்டிய வான்கோழிக் கழுத்தைப் போட்டாள், உப்புப் போட்டாள், மூடினாள். எல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்த பிறகுதான், அடுப்பையே பற்றவைக்கவில்லை என்பதைக் கண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

முந்தின நாள் மாலைதான் பயிற்சிக்கு வந்திருந்தார் மனுஷர். கெளுத்தி மீன் வறுவல் மூன்று துண்டு தின்றார். அவளுடைய புதுத் தொப்பியைப் பார்த்து, "இதுல எத்தன முட்ட இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டார். "முட்ட மாதிரி இருக்குற உங்க தலைய அடைகாக்கத்தான் வாங்குனேன்" என்று அவள் சொன்னதற்கு அவர் பதில் சொல்லவில்லை, கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தேழு வயது. பல்வலி என்றுகூடப் படுத்ததில்லை.

அவள் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் சபையார் பாதிப்பேர் நின்றிருந்தார்கள்.  தோட்டத்தில் பாதிப் புல் வெட்டப்பட்டிருந்தது. ஓரிடத்தில் கோடு நேராக வந்து, அங்கிருந்து சாய்ந்து, வேலி வரைக்கும் போயிருந்தது. அவர் விழுந்த பிறகும் வண்டி ஓடியிருக்கிறது. வேலியில் முட்டிக்கொண்டு உறுமும் சத்தம் விடாமல் கேட்டதால்தான் அவர் மனைவி கிளாரிஸ் வெளியே வந்து பார்த்திருக்கிறாள். வெர்னெல் அந்தச் சாய்ந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மில்பர்ன் ஊர்ச் சபையில் எஸெலுக்கு முன்னால் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர்கள் உண்டு. ஆனால் அவர் வாசித்தது வேறு. பத்தொன்பது வயதில் ஆரஞ்சுத் தோப்பில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, எட்டு வாரம் கட்டிலில் கிடந்தார். சபையில் யாரோ விட்டுப்போன பழைய மடிக்கிட்டாரை, பொழுது போகட்டும் என்று அவர் அம்மா கொண்டுவந்து வயிற்றின் மேல் வைத்தாள். எட்டு வாரம் கழித்து ஊன்றுகோலோடு சபைக்கு வந்து வாசித்தபோது, முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி, ஒலிபெருக்கியில் யாரோ அழுகிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தாள். இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். படுக்கவைத்த கிட்டாரின் கம்பி மேல் அவர் கையிலிருக்கும் இரும்புக்கட்டை வழுக்கினால் அது ஆள் பேசுகிற மாதிரிதான் இருக்கும். பாஸ்டர் "இயேசு" என்றால் அதுவும் "இயேசு" என்று சொல்லும். சாட்சி சொல்ல எழுந்து வார்த்தை வராமல் நிற்கிறவர்களுக்குப் பின்னால் மெல்ல ஒரு சுரம் வைப்பார். வார்த்தை வந்துவிடும். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் கை. நகக்கண்ணில் கிரீஸ் போகாது. ஆலயத்துக்கு வெளியே முசுடு. கூட்டத்தில் ஒருவரோடும் ஒட்ட மாட்டார். சபைக் கூரையை மாற்றுவது பற்றிய சண்டையில் ஆர்லிஸோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்.

வெர்னெல் இருபத்தேழு வயதில் ட்ரம்ஸில் உட்கார்ந்தாள். பள்ளி உணவகத்தில் சமையல் வேலை, ஞாயிறும் புதனும் ட்ரம்ஸ். எஸெலுக்கு வலது பக்கம், ஒரு கை தூரம். முப்பத்திரண்டு வருஷம் அதே இடம். அவர் தோள் ஏறுகிற விதத்திலேயே அடுத்து எங்கே போகப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கிளாரிஸ் கூப்பிட்டனுப்பினாள். சவப்பெட்டிக்கு உடுத்தும் துணி எடுக்க வேண்டும், தனியாக அந்த அலமாரியைத் திறக்க முடியவில்லை என்றாள். இருவரும் படுக்கையறையில் உட்கார்ந்து வெள்ளைச் சட்டைகளை எடுத்துப் பரப்பினார்கள். காலுறை வைக்கும் இழுப்பறையில் ஒரு சின்னப் பெட்டி கிடந்தது. வெர்னெல் மோதிரம் என்று நினைத்துத் திறந்தாள். உள்ளே காது கேட்பதற்கு வைக்கும் மெஷின்கள் இரண்டு, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல்.

"யாருது சிஸ்டர் இது?"

கிளாரிஸ் சட்டை மடிப்பதை நிறுத்தவில்லை. "அவருதுதான். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? ஒம்பது வருஷமா வலது காது சுத்தமாக் கேக்காது அவருக்கு. இடது காதுல பாதிக்கும் கொஞ்சம் கம்மி."

வெர்னெல் சிரித்துவிட்டாள். அப்படிச் சிரித்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டாள். "அவரா? ஒரு கம்பி மயிரிழை எறங்கினாக்கூட மொகம் சுளிப்பாரே."

"சுருதி காட்டுற கருவி ஒண்ணு இருக்கு, அதுல வெளக்கு எரியுறத வச்சுப் பாத்துக்குவாரு. வாசிக்கிறப்போ வர்ற அதிர்வ முதுகுல கேட்டாரு வெர்னெல். ஒலிபெருக்கிய நாற்காலியோட ஒட்டிப் போட்டிருந்தாரே, அது எதுக்குன்னு நெனச்ச?"

கெத்துக்கு என்றுதான் நினைத்திருந்தாள். அதை வைத்துக் கேலியும் செய்திருக்கிறாள். கேலிக்கு அவர் பதில் சொல்லாததைத் திமிர் என்று வீட்டில் போய்ப் பேசியும் இருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

கிளாரிஸ் சட்டையைக் கீழே வைத்தாள். "டாக்டர் கேட்டாரு, வலது பக்கம் சத்தமா ஏதாவது இருக்கா, வேல செய்யுற எடத்துல, அப்படின்னு. இவர் சொன்னாரு, வலது பக்கம் வெர்னெல் இருக்கான்னு. டாக்டருக்கு ஒண்ணும் புரியல. காருக்கு வந்ததும் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அவகிட்ட சொன்னா அவ குச்சியக் கீழ வச்சிருவா, வேற யார் அடிச்சாலும் எனக்கு ஆகாது, அப்படின்னாரு."

 வெர்னெல் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு வலது பக்கம் ஒரு கை தூரத்தில், அவர் காது மட்டத்துக்குத்தான் ட்ரம்ஸின் பெரிய பித்தளைத் தட்டான சிம்பல் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம். ஆவியானவர் இறங்கும்போதெல்லாம் அவள் எழுந்து நின்று அதை அடித்திருக்கிறாள்.

ஆனால் அது மட்டும் இல்லை. இன்னொன்று இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை.

அதைச் சொல்ல இன்னும் பின்னால் போக வேண்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், எஸெல் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஆர்லாண்டோ பக்கம் ஒரு மதுக்கூடத்தில் நாலு பேரோடு வாசித்துவிட்டு வந்தார். குடிக்கவில்லை. வாசிக்கத்தான் போனார். திரும்பி வந்து வெர்னெலிடம் மட்டும் சொன்னார். அங்கே ஒரு ட்ரம்ஸ்காரன் இருந்தானாம், அப்படி ஒரு கையை வாழ்நாளில் பார்த்ததில்லையாம். அரைமணி நேரம் அவனைப் பற்றியே பேசினார். வெர்னெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அப்போதைய பாஸ்டரிடம் போய், ஒரு சகோதரனுடைய ஆத்துமாவுக்காகப் பாரப்படுகிறேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மதுக்கூடத்தில் வாசித்த குற்றத்துக்காகச் சபை எஸெலை ஆறு மாதம் ஒதுக்கி உட்காரவைத்தது. கிட்டாரைத் தொடக் கூடாது. கடைசி பெஞ்சு. அந்த ஆறு மாதத்துக்குள் அவர் அம்மா இறந்துபோனாள். பெற்றவளுடைய அடக்க ஆராதனையில் அவர் வாசிக்க பாஸ்டர் இடம் கொடுக்கவில்லை. வெர்னெல் ட்ரம்ஸில் இருந்தாள். கடைசி பெஞ்சில் எஸெலின் இரண்டு கைகளும் மடியில் அசையாமல் கிடந்ததை அவள் அங்கிருந்து பார்த்தாள்.

யார் சொன்னது என்று அந்த பாஸ்டர் யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். எஸெலும் கேட்கவில்லை. ஆறு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து வாசித்தார், அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் புதன்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, வெர்னெல் ட்ரம்ஸ் முக்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் குனிந்து கம்பி துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை, சிம்பலைப் பார்த்துச் சொன்னாள். உங்கள் அம்மா விஷயத்தில் என்னை மன்னிக்க வேண்டும் என்று சொல்லி முடித்து நிமிர்ந்தபோது, அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, தலையை ஆட்டினார். "தேவன் நல்லவர் சிஸ்டர். ஞாயித்துக்கெழம பாப்போம்" என்றார். அன்றைக்கு இரவு அவள் இருபத்திரண்டு வருஷத்தில் தூங்காத தூக்கம் தூங்கினாள்.

இப்போது கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அந்தச் சிரிப்பை மறுபடி நினைத்துப் பார்த்தாள். அவர் எதையும் கேட்கவில்லை. அவள் பேசி முடித்துத் தலையை நிமிர்த்தியதைப் பார்த்து, ஏதோ சொல்லியிருக்கிறாள் போல என்று சிரித்திருக்கிறார். நாலு வருஷமாக அவள் சுமந்து திரிந்த மன்னிப்பு யாரும் கொடுத்ததில்லை.

"என்ன ஆச்சு உனக்கு? மொகம் ஏன் இப்படிப் போச்சு?" என்றாள் கிளாரிஸ்.

வெர்னெல் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மதுக்கூடம், பாஸ்டர், அந்த ட்ரம்ஸ்காரன் மேல் வந்த பொறாமை, புதன்கிழமை, எல்லாம்.

 "அது நீயா" என்றாள் கிளாரிஸ். "அவங்க அம்மாவப் பொதச்சிட்டு வந்து இதே கட்டில்ல மூணு நாள் சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாரு. நான்தான் சோறு கொண்டுவந்து வச்சேன். நீ நாலாம் நாள் சக்கரவள்ளிக் கெழங்குப் பலகாரம் செஞ்சு கொண்டு வந்த. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அத நான் தின்னேன்." கிளாரிஸ் எழுந்து சட்டைகளை அலமாரிக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்ட ஆரம்பித்தாள். எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. "நீ வீட்டுக்குப் போ வெர்னெல்."

செவ்வாய்க்கிழமை வெர்னெல் வேலைக்குப் போகவில்லை. போன் அடித்தபோதெல்லாம் எடுக்கவில்லை. இனி குச்சியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். பிறகு, அவர் பயந்தது இதற்குத்தானே என்று நினைவு வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

புதன்கிழமை கிளாரிஸே வந்துவிட்டாள். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வராமல், வாசலில் நின்று பேசினாள். சனிக்கிழமை அடக்கத்துக்கு மூன்று ஊரிலிருந்து ஸ்டீல் வாசிப்பவர்கள் வருகிறார்களாம். அவர்களில் ஒருவர் தன் ட்ரம்ஸ்காரனையும் கூட்டிவரட்டுமா என்று கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"நீதான் வாசிக்கணும்."

"சிஸ்டர், என்னால எப்படி..."

"அவர் சேதி கேட்டதிலேர்ந்து நீ குச்சியத் தூக்கலன்னு ஆர்லிஸ் சொன்னாரு. தூக்கு. உனக்காகச் சொல்லல. ஒம்பது வருஷம் உன் அடிய வச்சுத்தான் அந்த மனுஷன் வழி கண்டுபிடிச்சாரு. அது இல்லாம அவர அனுப்ப மாட்டேன்." காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கினாள். "என் கோவம் எங்கயும் போகல. அது அப்படியேதான் இருக்கு."

சனிக்கிழமை ஆலயத்தில் நிற்க இடமில்லை. சபைத் தாய்மார் எல்லாரும் வெள்ளையில் வந்திருந்தார்கள். எஸெலின் ஸ்டீல் கிட்டார் அதன் இடத்திலேயே இருந்தது, யாரும் அதன் முன்னால் உட்காரவில்லை. வந்த மூன்று பேரும் எதிர்ப்பக்கம் தங்கள் கிட்டார்களைப் போட்டுக்கொண்டார்கள். நல்ல வாசிப்பு, குறை சொல்ல முடியாது. ஆனாலும் முதல் பாட்டில் வெர்னெலின் கை இரண்டு தடவை பிந்தியது. இடது பக்கம் ஒரு தோள் ஏறும் என்று காத்திருந்தாள். அங்கே தோள் இல்லை. வருஷக்கணக்கில் தான் அவரைப் பார்த்து அடித்ததாக நினைத்திருந்தாள். அவரும் தன்னைப் பார்த்துத்தான் வாசித்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் முன்னால் போனது யார்? அந்த நினைப்பு வந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை தானாகவே ஓங்கி அடித்தது. மூன்று ஸ்டீல்களும் அந்த அடியைப் பிடித்துக்கொண்டன. ஆலயம் எழுந்தது. கிளாரிஸும் எழுந்தாள், தரையைக் காலால் மிதித்தாள், ஆவியானவர் இறங்கியவளாய்ச் சவப்பெட்டிக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வந்தாள். வெர்னெல் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

கல்லறையிலிருந்து வந்த பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் வெர்னெல் கதவோரம் கடைசி மேஜையில் உட்கார்ந்தாள். கோழி வறுவல், கீரை, வெண்ணெய் அவரை, எதுவும் இறங்கவில்லை. எதிர் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கிளாரிஸ் தன் தட்டை வைத்து உட்கார்ந்தாள். தின்ன ஆரம்பித்தாள்.

"கேட்டிருந்தா அவர் உன்ன மன்னிச்சிருப்பாரான்னு என்கிட்ட கேக்காத" என்றாள். "நாப்பத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்துனேன். எனக்கே தெரியல."

"கேக்கல சிஸ்டர்."

"நல்லது. அந்தச் சோளரொட்டிய இப்படித் தள்ளு."

வெர்னெல் தள்ளினாள்.