ஈயம் இல்லாத ரத்தம்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனான அவருக்கு ‘நார்மல்’ என்றே பெயர். புதிய கருவி எது வந்தாலும் ஒத்துப்பார்க்க ஆரோக்கியமான ரத்தம் வேண்டுமே. இருபது வருடமாக இவர்தான் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, அடக்கமும் இல்லை. ஈயம் பார்க்கும் பழைய இயந்திரத்துக்குத் தன் ரத்தத்தைத்தான் பூஜ்யம் என்று வைத்திருந்தார்.

மனைவியின் தம்பிக்கு பேட்டரிப் பட்டறையில் வேலை. வயிற்றுவலி, கைநடுக்கம் என்று அவன் வந்தபோது, அதே இயந்திரத்தில் பார்த்து, ஈயம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். “வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறான் உன் தம்பி” என்று வீட்டில் நக்கல் வேறு. முதலாளி அந்தக் காகிதத்தைக் காட்டியே லீவு மறுத்தார்.

எட்டு மாதம் கழித்து உள்ளங்கையளவில் ஒரு புதுக் கருவி வந்தது. தங்கம் பூசிய பட்டை, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத டி.என்.ஏ இழைகள். ரத்தத்தில் ஈயம் அகப்பட்டால் இழை அதைப் பிடித்துக்கொண்டு சுருளும்; மின்சாரம் மாறும்; திரையில் எண் வரும். ஐந்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. நார்மல் விரலை நீட்டினார். முப்பத்தொன்று.

“டப்பா மெஷின், மேடம். நானே சரி பண்றேன்.”

கூடத்தின் டாக்டரம்மா தன் விரலைக் குத்திப் பார்த்தார். இரண்டு. பெருக்குகிற அம்மாவுக்கு மூன்று.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க வாயில என்ன அது?”

பற்றவைக்கும் ஈயக்கம்பி. எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் பற்றவைப்பது இவர்தான். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கம்பி எப்போதும் பல்லிடுக்கில். துப்பினார். தன் முப்பத்தொன்றைப் பூஜ்யமாக்கி, அந்த அளவு ஈயம் இருந்தவர்களுக்கெல்லாம் ‘இல்லை’ என்று நற்சான்று வழங்கியிருக்கிறார்! வெட்கமாக இருந்தது. மச்சினனுக்கும் அப்படித்தானே எழுதிக் கொடுத்தார்.

மதியமே கருவியோடு பட்டறைக்கு ஓடினார். மச்சினனுக்கு அறுபத்து நான்கு.

“அன்னைக்கு இல்லைன்னு எழுதுனது நீங்கதானே?” என்றார் முதலாளி.

“ஆமா. அது தப்பு. அதையும் எழுதித் தர்றேன்.”

இருவரையும் ஒரே வார்டில் சேர்த்தார்கள். மச்சினனுக்கு வயிற்றுவலி போய்விடும், நடுக்கம் போகுமா என்பது சந்தேகம் என்றார் டாக்டரம்மா. அவனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இவர் எழுந்து போய்த் தண்ணீர் புகட்டினார்.

“எட்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்த நடுக்கம் நின்னிருக்குமா, மாமா?”

“நின்னிருக்கும்டா.”

அவன் ஒரு வாய் குடித்தான்; மீதி மோவாயில் வழிந்தது.

“அப்ப டம்ளரை ஒழுங்காப் பிடிங்க. சட்டையெல்லாம் நனையுது.”