அந்தம்மா எந்தத் தோட்டம்?

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பது. பெரட்டுக்களத்தில் நான் முதலில் பார்த்தது கொட்டகைச் சுவரில் காய்ந்திருந்த நான்கு பசைக் கட்டிகளை. தாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோதுமை மாவில் பசை காய்ச்சி நானே ஒட்டியது. யாரோ ஒரே இழுப்பில் கிழித்திருந்தார்கள். பையில் இன்னொரு பிரதி வைத்திருந்தேன்.

அது ஐம்பதுகளின் தொடக்கம். இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்ட தோட்ட மக்களை விசாரிக்க அதிகாரிகள் தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்த காலம். நான் கொட்டகலையில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை. அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தாள். அவள் வேலையில் இருக்கும் வரைதான் தோட்டம் கொடுத்த லயத்து அறை எங்களுடையது. வாரம் ஒரு முறை ஒரு தாளில் செய்திகளை எழுதி, காலையில் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் அந்தக் களத்தின் சுவரில் ஒட்டுவேன். படிக்கத் தெரிந்த ஒருத்தி மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவாள்.

அந்த வாரம் எழுதியது ஒரு அணு விஞ்ஞானியைப் பற்றி. கடைவீதியில் முஸ்லிம் கடைக்கார நானா கருவாடு சுற்றிக் கொடுத்த ஆங்கிலப் பத்திரிகைப் பக்கத்தில் கிடைத்த விஷயம். அந்த விஞ்ஞானி ஒரு பெண். ஆண்கள் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குள் அவரை விடவில்லை. கீழ்த்தளத்தில், தச்சுப் பட்டறையாக இருந்த அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பல வருடங்களுக்குப் பிறகு அவருடைய நாட்டைப் பக்கத்து நாடு விழுங்கியது. அவர் கையிலிருந்த பாஸ்போர்ட் செல்லாமல் போனது. சிறு பெட்டியோடு ரயிலேறி எல்லை கடந்தார். அணுவின் கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதை அந்நிய மண்ணிலிருந்து கணக்குப் போட்டு விளக்கினார். பரிசு, அவரோடு வேலை செய்த ஆணுக்குப் போனது. குண்டு செய்யக் கூப்பிட்டார்கள். வர முடியாது என்றார்.

பக்கத்தின் மேல்பாதி கருவாட்டு ஈரத்தில் நைந்து கிழிந்திருந்தது. பெயரும் ஊரும் அதோடு போயின. நான் இரண்டும் இல்லாமலே எழுதினேன். அந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து, கொழும்பில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில்.

திங்கட்கிழமை மாலை, கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றவர்களுக்கு வேறு பேச்சே இல்லை.

"அந்தம்மா எந்தத் தோட்டம் டீச்சர்?" என்று அடுத்த வீட்டு அக்கா கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தி பதில் சொன்னாள். "மஸ்கெலியாப் பக்கமா இருக்கும். அங்கதான் நெறைய மனுவைத் தள்ளிட்டாங்களாம்."

"மஸ்கெலியாவுக்கு ஏதுடி ரயிலு? ரயிலேறிப் போச்சுன்னு எழுதியிருக்குல்ல. நம்ம கொட்டகல ஸ்டேஷன்தான்."

வெளிநாட்டு அம்மா என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கண்டாக்கு ஐயாவும் அப்படியேதான் எண்ணிக்கொண்டார். மலைகளில் வேலையை மேற்பார்த்தவர் அவர். மனு தள்ளுபடியானதைக் குத்திக்காட்டி, குண்டு என்றெல்லாம் எழுதி ஆட்களைக் கிளப்பிவிடுகிறேன் என்பது அவர் முடிவு. வெள்ளைக்காரப் பெண்ணின் கதை அது என்று போய்ச் சொன்னேன்.

"வெள்ளைக்காரியா? அப்ப பேரைச் சொல்லுங்க" என்றார்.

"பேரு இருந்த எடம் கிழிஞ்சிருச்சுங்க" என்றேன்.

என் பெயர் அவருடைய வேலையாட்கள் புத்தகத்தில் இல்லை. அம்மாவின் பெயர் இருந்தது. எழுதியது பொய் என்று மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னும் நான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பத்துச்சீட்டு, வேலையும் அறையும் அதோடு போய்விடும் என்று அம்மாவிடமே சொல்லியனுப்பினார்.

அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். எழுத்து அவளுக்குத் தெரியாது.

"அந்தம்மா கத பொய்யா?"

"இல்லம்மா."

"அப்ப நீ எதுக்குப் பொய்யின்னு சொல்லணும்?" ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "என் பேரை வெட்டணும்னா அவரே வெட்டட்டும்."

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கண்டாக்கு புத்தகத்தோடு வந்தார். நான் அதற்குள் இரண்டாம் பிரதியைப் பழைய இடத்திலேயே ஒட்டியிருந்தேன். அவர் அதைப் பார்த்தார். பேசச் சொன்னார்.

"எழுதினதுல ஒரு கொறை இருக்குங்க" என்றேன். "அந்தம்மா பேரு எனக்குத் தெரியல. தெரிஞ்சதும் எழுதி ஒட்டுவேன். மத்ததெல்லாம் உண்மை."

அவர் புத்தகத்தைத் திறந்தார். பெரட்டின் முறை எளிது. பெயரை வாசிப்பார், உரியவள் குரல் கொடுப்பாள், அவளுக்கு அன்று பறிக்க வேண்டிய மலையைச் சொல்வார். குரல் கொடுக்காதவளுக்கு வேலை இல்லை. நான்கு பெயர் வாசித்தார். ஐந்தாவதாக வரவேண்டியது அம்மாவின் பெயர். அதைத் தாண்டி அடுத்த வீட்டு அக்காவின் பெயரை வாசித்தார்.

அக்கா குரல் கொடுக்கவில்லை. இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி வாசித்தார். அதற்கடுத்த பெயரை வாசித்தார். அதற்கும் பதில் இல்லை. பக்கத்தின் அடிவரை போனார். நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் நின்றார்கள்.

"எல்லாருக்கும் காது அடைச்சிருச்சா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது. "நடுவுல ஒரு பேரு விட்டுப்போச்சுங்க ஐயா. டீச்சரு விட்ட மாதிரி நீங்களும் விட்டுட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேல்மலையில் இரண்டு நாள் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அன்று பறிக்காவிட்டால் தோட்டத் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்னுக்குத் திருப்பினார்.

ஆறு முப்பத்தைந்துக்கு அம்மாவின் பெயர் வாசிக்கப்பட்டது.