ஆறு பொத்தான் கவசம்

தையல் மெஷின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு ராக்கெட் சண்டைதான் ஞாபகம் வரும். சிரிக்க வேண்டாம். எண்பதுகளில், தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற ரோட்டில், வாசல் அறையில் மெஷின் போட்டு அம்மா காலனி வீடுகளுக்குத் துணி தைத்தாள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் என் வேலை.

காலனி மாடி வீட்டில் ரமேஷ் இருந்தான். என் வயசு. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வான். சிங்கப்பூரிலிருந்து வந்த அவன் மாமா ஒரு அட்டை விளையாட்டு கொடுத்து, ஒரு தரம் ஆடிக் காட்டிவிட்டுப் போயிருந்தார். தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட கறுப்புத் தாள், அதில் நட்சத்திரம், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கப்பல், தாயக்கட்டை. ஆகாயத்தில் போகிற கப்பலாம். அதற்கு ஆறு பக்கம், ஆறு "கவசம்". எந்தப் பக்கம் எத்தனை வைப்பது என்பது நம் இஷ்டம். குண்டு பட்டால் அந்தப் பக்கத்துக் கவசம் ஒன்று போகும், கவசம் இல்லாத பக்கத்தில் பட்டால் கப்பல் காலி. அவ்வளவுதான் அந்த மகா வித்தை. இதற்கு அவன் விட்ட பீற்றல் இருக்கிறதே, கப்பலைத் தானே செய்து மேலே அனுப்பியவன் மாதிரி.

அவன் வீட்டு மொட்டை மாடியில்தான் ஆட்டம். கவசத்துக்கென்று வந்த அட்டை வில்லைகள் மழையில் ஊறிப் பிய்ந்துபோயின. அவரவர் கவசத்தை அவரவர் கொண்டுவர வேண்டும் என்றான். நான் புளியங்கொட்டை கொண்டுபோனேன்.

"கவசம்னா மின்னணும். நீ கப்பல் ஓட்டறியா, ரசம் வைக்கறியா?"

ரோஷம் வந்தது. முட்டாள்தனத்துக்கு அப்போது நான் வைத்திருந்த பேர் அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் டப்பாவிலிருந்து ஆறு பொத்தானை எடுத்துப் போனேன். ஊதாக் கண்ணாடிப் பொத்தான். அதுவும் மாமா கொண்டுவந்த சிங்கப்பூர்ச் சரக்குதான். ரமேஷின் குட்டித் தங்கச்சி பிறந்தநாள் கவுனுக்கென்று அவன் அம்மாவே கொடுத்தது. கவுன் முடிந்துவிட்டது, பொத்தான் மட்டும் பாக்கி, சாயங்காலம் கொடுக்க வேண்டும். அந்த மாதிரிப் பொத்தான் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. பிசகினால் அந்த வீட்டுத் தையல் போகும், அந்த வீட்டைப் பார்த்துத் துணி கொடுக்கிற நாலு வீடும் போகும். தெரிந்தேதான் எடுத்தேன்.

தன் வீட்டுப் பொத்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. தங்கச்சி கவுனை எந்த அண்ணன் பார்த்தான்?

நான் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தேன். ஒரே பக்கத்தில் இரண்டு குண்டு போட்டு முடித்துவிட்டான். கூடவே விளையாட்டோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தான்.

"தோத்த கப்பலோட கவசம் ஜெயிச்சவங்களுக்கு. புக்ல போட்டிருக்கு."

ஆறும் அவன் பக்கம் போனது. இன்னொரு ஆட்டம் என்றேன். எனக்குப் புளியங்கொட்டை. அவன் என் ஆறு பொத்தானையும் கப்பலின் மூக்கில் அடுக்கினான்.

"எதிரி நேராத்தான் வருவான்" என்றான்.

எந்த மடையன் சொன்னது? கவுன் முன்னாலா பிரியும்? முதுகில்தான் பிரியும், அதற்குத்தான் பொத்தானே அங்கே. ஓரமாகச் சுற்றிப்போய்ப் பின்னால் ஒரு குண்டு போட்டேன். கப்பல் காலி.

மறுபடி புத்தகம். "இஞ்சின் பக்கம் அடிக்கக் கூடாது. புக்ல இருக்கு."

அப்போதுதான் கவனித்தேன். நடுநடுவே சொன்னதையும் சேர்த்து அதுவரை நாலைந்து சட்டம் படித்துவிட்டான், பக்கத்தை ஒரு தடவைகூடத் திருப்பவில்லை.

காய்ந்த துணி எடுக்க அவன் அக்கா மாடிக்கு வந்தாள். காலேஜ் படிப்பவள். புத்தகத்தைப் பிடுங்கி அவளிடம் நீட்டினேன்.

"அக்கா, இஞ்சின் பக்கம் அடிக்கக் கூடாதுன்னு இதுல எய்திகீதா?"

படித்துப் பார்த்துச் சிரித்தாள். "சின்னக் குழந்தைங்க வாய்ல போட்டுக்காம பாத்துக்கணும்னு இருக்கு. டேய், இதையாடா சட்டம்னு படிச்சே?"

அவனுக்கும் இங்கிலீஷ் படிக்க வராது. டை கட்டிய நான், அவ்வளவுதான்.

தாளை ஒரு உதை உதைத்தான். பொத்தான்கள் உருண்டன. ஐந்தைப் பிடித்தேன். ஆறாவது மழைத்தண்ணீர்க் குழாய்க்குள் விழுந்தது. கீழே போய்ச் சாக்கடையில் கைவிட்டுத் துழாவினேன். இல்லை.

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். "கப்பலுக்கு இன்னாத்துக்குடி பொத்தான்? அந்த வூட்டுத் துணி பூட்ச்சின்னா சோத்துக்கு இன்னா பண்ணுவ?" அடித்த கையோடு ஐந்தை மேலிருந்து தைத்தாள். ஆறாவது காஜாவை நூலால் மூடி, அந்த இடத்தை அப்படியே சேர்த்துத் தைத்துவிட்டாள்.

ரமேஷின் அம்மா எண்ணிப் பார்த்தார். "ஆறு குடுத்தேனே, அஞ்சுதானே இருக்கு?"

அம்மா கண் இமைக்கவில்லை. "கடைசி பொத்தான் வெச்சா உக்காரசொல்ல கொயந்தைக்கு குத்தும்மா. அதான் வெக்கல."

"அட, எனக்கு இது தோணலையே!"

மறுநாள் அந்த வீட்டிலிருந்து இரண்டு ரவிக்கைத் துணி வந்தது.

இப்போது என் மகன் செல்போனில் கப்பல் ஓட்டுகிறான். சுற்றிலும் நீலமாக ஒரு வெளிச்சம், அதுதான் கவசமாம். "அம்மா, இத ஒண்ணியும் பண்ண முடியாது" என்கிறான். கவசம் வைத்த எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அந்த மாடி வீடு இல்லை. அம்மா இல்லை. போன வருஷம் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். இடித்த குவியலில் அந்த மழைத்தண்ணீர்க் குழாய் உடைந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கிளறினேன். வாட்ச்மேன் "இன்னாக்கா தேடுற?" என்றான். பொத்தான் என்றேன்.

ஆட்டத்தை அன்றைக்கே உதைத்து முடித்தவன், என்னைவிட ரமேஷ் தேவலை.