வாசலில் எட்டு ஜோடி செருப்பு

2001 பிப்ரவரி. மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களை அனுப்பிய நேரம். செங்கல்பட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் டீச்சர். எனக்கு ஒதுக்கியது மருத்துவக் கல்லூரிக்குப் பின்பக்கம் இருந்த ஒரு காலனி. ஏரிக்கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அரசு மானியத்தில் கட்டிக் கொடுத்த வீடுகள். ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். வாடகைக்கு விடக் கூடாது என்று நிபந்தனை.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம். அன்று எனக்குக் கலெக்டர் என்கிற நினைப்பு.

நான்காவது வீட்டு வாசலில் எட்டு ஜோடி செருப்பு கிடந்தது. கூடத்தில் நான்கு மாணவிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரப் பெண் கல்லூரி விடுதியில் பாத்திரம் தேய்ப்பவர். அவர் கணவரோடும் இரண்டு மகள்களோடும் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தார்.

"நாங்க நாலு பேர்தான் டீச்சர்" என்றார்.

"அப்போ இவங்க?"

"படிக்கிற பொண்ணுங்க. சும்மா வந்துகினு போவுதுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நீ இருக்கத்தானே அரசாங்கம் வீடு கொடுத்துச்சு? வாடகைக்கு விட்டுட்டுப் பொய் வேற சொல்றியா?" என்று கத்தினேன். வகுப்பில் கத்திப் பழகிய குரல், தெருவுக்கே கேட்டது.

அதோடு என் வேலை கெட்டது. அடுத்த வீட்டில் நாலு பேர். அதற்கடுத்த வீட்டிலும் நாலு பேர். கொடியில் வெள்ளைக் கோட்டு காய்கிறது, ஆனால் டாக்டருக்குப் படிப்பவர் அந்தத் தெருவிலேயே கிடையாதாம். வாசல் செருப்பெல்லாம் உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் படிவத்தைப் பார்த்து, நடந்ததையும் கேட்ட மேற்பார்வையாளர் என்னை ஒரு பிடி பிடித்தார். "தலை எண்ணப் போனீங்களா, ரெய்டுக்குப் போனீங்களா? இதுல எழுதுறதை எந்த ஆபீசுக்கும் காட்டக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பயிற்சியில தூங்கினீங்களா?"

உண்மையில் தூங்கித்தான் இருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன். மாணவிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். அந்த அம்மாவின் கண் வீங்கியிருந்தது.

"வூட்ட புடுங்கிக்குவாங்களா டீச்சர்? பெரிய பொண்ணு பத்தாவது எழுதப் போவுது. இந்த வாடகையிலதான் அதுக்குப் படிப்பே ஓடுது. மறுபடி ஏரிக்கரைக்கு இட்டுகினு போவ முடியாது."

வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன், சட்டத்தைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்னையே பார்த்தவர், "நீங்க எங்க கீறீங்க?" என்றார்.

"அரசு ஒதுக்கின குடியிருப்புலதான்."

"சொந்தமா?"

வாய்வரை வந்த பொய்யை விழுங்கினேன். "இல்லம்மா. ஒதுக்கீடு வாங்கினவர் ஊரப்பாக்கத்துல இருக்கார். அவர்கிட்ட நாங்க வாடகைக்கு இருக்கோம். அங்கேயும் விடக் கூடாதுதான்."

"உங்கள யார்னா கத்துனாங்களா?"

குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் மாணவிகளைப் பார்த்து, "மூட்டையப் பிரிங்கம்மா" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "டீச்சரும் நம்மள மாரிதான், பயப்படாம சொல்லுங்க" என்றார். மத்தியானத்துக்குள் அத்தனை வெள்ளைக் கோட்டும் கணக்கில் ஏறிவிட்டது.

என் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அது நினைவுக்கு வரும்போதெல்லாம், யார் வாசலில் நின்றாலும் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது.